தண்ணீர் பிடிக்க இறங்கிய ஆச்சி

1

எங்கள் திருமண நாளுக்கு இந்த ஆண்டு மகள் அஞ்சலி நான்கு ரயில் டிக்கெட்டுகளைப் பரிசாகக் கொடுத்தாள். காலையில் ஈப்போவில் ஏறுவது, கோலகங்சாரில் இறங்கி ஆற்றங்கரையில் மீன்குழம்பு ஊற்றிய லக்சா நூடுல்ஸ் சாப்பிடுவது, அடுத்த ரயிலில் தைப்பிங் போய் தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் குடிப்பது, மாலையில் வீடு திரும்புவது. இவ்வளவுதான் திட்டம்.

“திங்கிறதுக்குன்னே ஒரு பயணமா?” என்று கேட்டார் காரைக்குடியிலிருந்து வந்திருக்கும் என் அக்கா.

ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. மலேசியாவின் இந்தப் பேராக் மாநிலத்தில் நலம் விசாரிப்பதே “பசியாறியாச்சா?” என்றுதான். வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மா தினமும் காலையில் அப்படிக் கேட்பார். நம்மைப் பார்த்தால் சாப்பாட்டுக்கு வழியில்லாதவள் போலத் தெரிகிறதோ என்று நான் கண்ணாடியின் முன்னால் போய் நின்றிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் அக்காவை ஆச்சி என்போம். இங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் எல்லோரும் ஒரு கிழவியைத் தேடுகிறார்கள். எங்கள் ஆச்சி நிமிர்ந்த நடைக்காரர். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வந்து இறங்கிய அன்றே விமான நிலையத்துத் தமிழ் அறிவிப்புப் பலகையில் இரண்டு ஒற்றுப்பிழைகளைக் கண்டுபிடித்து, யாரிடம் சொல்வது என்று கேட்டார். அஞ்சலி என்ற பெயரும் அவருக்கு ஒப்புதல் இல்லை. “பேப்பர்ல கடைசிப் பக்கத்துல கட்டம் கட்டிப் போடற சொல்லை எடுத்துப் புள்ளைக்கு வச்சிருக்கியே” என்பார்.

டிக்கெட் எடுத்தபோது இணையப் பக்கம் ஆச்சியின் குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டு அடம்பிடித்தது. எனக்கு இது பழகிய சண்டை. முன்பு குடிநுழைவு அலுவலகத்தில் அப்பா பெயரையும் கணவர் பெயரையும் மாற்றி மாற்றி எழுதி, ஒரு கட்டத்தில் அரசாங்கக் கணக்கில் நான் என் அப்பாவுக்கே மனைவியாகிவிட்டேன். முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண் அதைக் கண்டுபிடித்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். திருத்தி வாங்குவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது.

2

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆச்சி என் கணவர் சேவியரோடு பேசமாட்டார்.

சண்டை எதுவும் இல்லை. அவர் எதிரில் வந்தால் எழுந்து நிற்பார், மரியாதையாகத் தலையசைப்பார். ஆனால் சொல்ல வேண்டியது எதுவானாலும் என் வழியாகத்தான் போகும். அன்று காலை ரயில் நிலையத்துக்குப் போகும் காரில்கூட அப்படித்தான்.

“வள்ளி, ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லு.”

சேவியர் ஓர் அடி தள்ளி முன் இருக்கையில்தான் இருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் குறைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, “குறைச்சாச்சுன்னு ஆச்சிகிட்ட சொல்லு” என்றார்.

“குறைச்சாச்சாம்” என்றேன் நான், பின்னால் திரும்பி.

“தேங்க்ஸ்னு சொல்லு.”

மூன்று வாரமாக வீட்டில் இந்தக் கதைதான். “போஸ்ட் ஆபிஸ்ல உங்களுக்கு வேலை போட்டுக் குடுக்கலாம் லா, அம்மா” என்றாள் அஞ்சலி, இங்கத்துப் பேச்சில் எதிலும் ஒட்டிக்கொள்ளும் அந்த ‘லா’வோடு.

ஈப்போ நிலையத்தில் சேவியர் கச்சான் பூத்தே வாங்கினார். வறுத்த கடலை, ஓமப்பொடி, உடைத்த முறுக்கு எல்லாம் கலந்தது. ஈப்போவின் புந்தோங் பக்கம் நம் ஆட்கள் தலைமுறையாகப் போடும் சரக்கு அது. ஆச்சி ஒரு முறுக்குத் துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். “பரவாயில்லைன்னு சொல்லு” என்று தீர்ப்பு வந்தது. காரைக்குடிக்காரர் முறுக்கைப் பரவாயில்லை என்று சொல்வது சாதாரண காரியமில்லை. சேவியர் முகத்தில் பெருமை தெரிந்தது.

ஆனாலும் ஆச்சி அதற்கு மேல் தொடவில்லை. காலை உணவை ரயில் கிளம்பிய பிறகுதான் சாப்பிடுவது என்று முடிவு செய்திருந்தார். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை வாழை இலையில் பொட்டலம் கட்டிக் கைப்பையில் வைத்திருந்தார். ரயிலில் பிரித்தால்தான் இட்லிக்கு ருசியாம். சர்க்கரை மாத்திரையை மட்டும் காரிலேயே போட்டுக்கொண்டு, பாட்டிலில் இருந்த தண்ணீரையும் குடித்து முடித்திருந்தார்.

3

ரயில் கிளம்பியது. சுண்ணாம்பு மலைகள் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. “மலையா, பாதி கரைஞ்ச சர்க்கரைக் கட்டியா?” என்றார் ஆச்சி. அவருக்கு எல்லாமே பிடித்திருந்தது. ஆனால் அதைப் புகாராகத்தான் சொல்வார். ரயில் ஆடவில்லை, சத்தம் இல்லை, ஜன்னல் திறக்கவில்லை, டீ விற்க யாரும் வரவில்லை. இது ரயிலே இல்லை என்பது அவர் கட்சி.

இட்லிப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்தபோதுதான் தண்ணீர் இல்லை என்பது தெரிந்தது. அதே நேரம் ரயில் சுங்கை சிப்புட்டில் நின்றது. நான் அஞ்சலியின் கைப்பேசியில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிர் இருக்கையில் பொட்டலம் இருக்கிறது, ஆச்சி இல்லை.

நம் ஊரில் ரயில் நின்றால் இறங்கிக் குழாயில் தண்ணீர் பிடிப்பது மூச்சு விடுவதைப் போன்றது. ஆச்சியும் காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நடைமேடையில் குழாயைத் தேடி அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் பார்க்கிறார். இங்கே நடைமேடையில் குழாய் கிடையாது, கதவு யாருக்காகவும் காத்திருக்காது என்பதை அவருக்கு நாங்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“ஆச்சி, ஏறுங்க லா, கதவு சாத்திரும்” என்று சேவியர் வாசலிலிருந்து கூப்பிட்டார். அவருக்குக் கேட்கவில்லை. சேவியர் கீழே குதித்து ஓடினார். அவர் ஆச்சியை எட்டிய நொடியில் கதவு மூடிக்கொண்டது.

ரயில் நகர்ந்தது. நடைமேடையில் என் அக்காவும் என் கணவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டே சிறிதாகிப் போனார்கள். ஆச்சி கையில் காலிப் பாட்டில். சேவியரின் கைப்பேசி எங்கள் இருக்கையில் சார்ஜில் கிடந்தது.

“அம்மா” என்றாள் அஞ்சலி. “இப்ப யாரு வழியா பேசுவாங்க?”

4

நான் ரயில் பணியாளரைத் தேடிப் போனேன். இத்தனை வருடத்தில் என் மலாய் சந்தைக்கும் பேருந்துக்கும் போதும், பதற்றத்துக்குப் போதாது. இறங்கிவிட்டார் என்பதற்கு ‘தூருன்’ என்று சொல்ல வேண்டும். என் வாயில் ‘ஜாத்தோ’ வந்தது. அதற்கு விழுந்துவிட்டார் என்று பொருள். என் அக்கா விழுந்துவிட்டார், என் கணவரும் பின்னாலேயே விழுந்துவிட்டார் என்று அந்த இளைஞரிடம் இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் அஞ்சலி ஓடி வந்து நடுவில் புகுந்தாள். அவளுடைய மலாய் அருவி மாதிரி கொட்டும். என் மகள் எனக்குப் புரியாத வேகத்தில் இன்னொரு பாஷையில் என்னைக் காப்பாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது ஒரு தனி அனுபவம். பெருமைதான். கூடவே, இவளுக்கு நான் எப்போது சுமையானேன் என்றும் ஒரு நினைப்பு வரும்.

பணியாளர் சுங்கை சிப்புட் நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். அங்கிருந்து வந்த பதிலை அஞ்சலி மொழிபெயர்த்தாள். “ரெண்டு பேரும் ஸ்டேஷனை விட்டு வெளிய போயிட்டாங்களாம். பெரியம்மா மெதுவா நடந்தாங்களாம். அப்பா கையைப் பிடிச்சிட்டுப் போனாராம்.”

கையைப் பிடித்துக்கொண்டா? ஆச்சி என் கணவர் கையிலிருந்து காப்பி டம்ளர்கூட நேராக வாங்கியதில்லை. அப்போதுதான் என் கண் இருக்கையிலிருந்த பொட்டலத்தின் மேல் விழுந்தது. மாத்திரை போட்டாகிவிட்டது. ஒரு துண்டு முறுக்கைத் தவிர வயிற்றில் ஒன்றுமில்லை.

கோலகங்சாரில் இறங்கி, லக்சாவையும் ஆற்றையும் மறந்துவிட்டு, வாடகைக் கார் பிடித்துத் திரும்பினோம். ஓட்டியவர் ஒரு சீனப் பெரியவர். அஞ்சலி என்ன சொன்னாளோ, அதன் பிறகு அவர் ஒரு லாரியைக்கூட முன்னே விடவில்லை.

வழியில்தான் அவள் கேட்டாள். “பெரியம்மாவுக்கு அப்பாவை ஏன் பிடிக்கல? கிறிஸ்துவருன்னா?”

என்ன சொல்வது? சேவியர் சென்னையில் படிக்க வந்தவர். நான் அதே கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தேன். வேறு மதம், கடல் கடந்த ஊர், அதிலும் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களின் மகன். எங்கள் வீட்டில் இதில் ஒன்றே போதும், மூன்றும் சேர்ந்து வந்தது. திருமணம் ஈப்போவில் தேவாலயத்தில் நடந்தது. பெண் வீட்டுப் பக்கத்து பெஞ்சுகள் காலி. அதைப் பார்த்துவிட்டு சேவியரின் அம்மா, அந்தப் பக்கம் இருந்த தன் சொந்தக்காரர்களில் பாதிப் பேரை எழுப்பி, இந்தப் பக்கம் உட்கார வைத்தார். எங்கள் திருமணப் படத்தில் என் உறவினர்களாக நிற்கும் யாரையும் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“பாவம் லா நீங்க” என்றாள் அஞ்சலி. பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

5

சுங்கை சிப்புட்டில் தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. நிலையத்தை விட்டுக் கடைத்தெருவுக்குத் திரும்பியதும் ஆச்சியின் குரல் கேட்டது. வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரை எட்டும் குரல் அது.

ஒரு மரத்தடியில் ஒட்டுக்கடை. இங்கே சாலையோரத்துத் தள்ளுவண்டிக் கடையை அப்படித்தான் சொல்வார்கள். கடைக்காரர் நம் பெண்மணி, தேவி அக்கா என்று பெயர். ஒரு பக்கம் எண்ணெய்ச் சட்டியில் வாழைப்பழ பஜ்ஜி, அதாவது பீசாங் கோரேங். இன்னொரு பக்கம் வட்டச் சட்டிகளில் அப்பம் பாலேக். மாவை ஊற்றி, மேலே பொடித்த கடலையும் சீனியும் தூவி, வெந்ததும் இரண்டாக மடித்துக் கொடுப்பது. ஆச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தார். முகவாயில் கடலைத்தூள். எதிரில் சேவியர், சட்டையெல்லாம் வியர்வை.

“வா வள்ளி” என்றார் ஆச்சி, நான்தான் வழி தவறிப் போனவள் மாதிரி. “இதுல ஏலக்காய் ஒரு சிட்டிகை போட்டா எங்கயோ போயிரும்னு தேவிகிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன். கேக்க மாட்டேங்குது.”

“ஆச்சி, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?” நான் அவர் தோளைப் பற்றிக்கொண்டேன்.

நடந்ததை தேவி அக்காதான் சொன்னார். “அண்ணே அம்மாவைத் தாங்கிப் பிடிச்சு கொண்ணாந்தாரு. அம்மாவுக்கு உடம்பெல்லாம் தண்ணியா வேர்த்து ஊத்துது, கை நடுங்குது. அண்ணே பார்த்த உடனே கண்டுபிடிச்சிட்டாரு. இனிப்பு நீர்க்காரங்க, மயக்கம் வருது, சீனி அள்ளிப் போட்டுத் தே குடு அக்கான்னு கத்துறாரு. கட்டாயமா வாயில வச்சு ஊத்துனாரு.”

“எங்கம்மாவுக்கும் இனிப்பு நீர் இருந்துச்சு லா” என்றார் சேவியர் தரையைப் பார்த்தபடி. “இப்படித்தான் வேர்க்கும்.”

நீரிழிவை இங்கே இனிப்பு நீர் என்பார்கள். “நல்ல சொல்” என்றார் ஆச்சி. “நாங்கதான் சுகர் சுகர்னு சொல்லிக் கெட்டுப் போனோம்.”

அஞ்சலிக்கு இருப்புக்கொள்ளவில்லை. “அப்பா, பெரியம்மா உங்ககிட்ட முதல்ல என்ன பேசுனாங்க?”

சேவியர் சிரித்தார். ஆச்சி கண் திறந்து, கோப்பையைப் பார்த்து, ‘இதுல இஞ்சி போட மாட்டாங்களா?’ என்று கேட்டாராம். போடுவார்கள், தே ஆலியா என்று தனியாகக் கேட்க வேண்டும் என்று இவர் சொன்னாராம். ‘அப்பக் கேளுங்க’ என்றாராம் ஆச்சி.

இருபது வருடத்துக்கு மேலான மௌனம் இஞ்சி டீயில் முடிந்ததா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஆச்சி சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“எனக்கு அவரைப் பிடிக்காமப் பேசாம இருந்தேன்னு நினைச்சியா?”

நான் அவர் முகவாயிலிருந்த கடலைத்தூளைத் துடைத்துவிட்டேன்.

“முதல்ல கோபம் இருந்துச்சு. இல்லேங்கல. அது போய் வருசக்கணக்காச்சு. அப்பறம் என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியல. மாப்பிள்ளைன்னு கூப்பிடணும்னா கல்யாணத்துக்கு வந்திருக்கணும். வராதவளுக்கு அந்த உரிமை இருக்கா? இவ்வளவு நாள் கழிச்சு வந்து, நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளைன்னு வாயெடுக்க வெக்கமா இருந்துச்சு.”

தேவி அக்கா கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சேவியர் எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல், இன்னொரு பஜ்ஜியை எடுத்து ஆச்சியிடம் நீட்டினார். ஆச்சி அதை நேராக வாங்கிக்கொண்டார்.

“இனிப்பு இதோட போதும், மாப்பிள்ளை” என்றார். “இல்லாட்டி சர்க்கரை ஏறி இந்தப் பக்கம் மயக்கம் வந்துரும்.”

6

தைப்பிங் போகும் ரயில் போய்விட்டிருந்தது. ஆச்சி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, தேவி அக்காவுக்கும் இரண்டு கொடுத்தார். மிளகாய்ப்பொடி நாக்கைச் சுட்டதும் தேவி அக்கா ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, “பரவால்ல லா, ஆச்சி” என்றார். தன் சரக்கைப் பரவாயில்லை என்று இன்னொருவர் சொல்லக் கேட்பது ஆச்சிக்குப் புதிது.

“இங்கதானே எங்கயோ நீங்க பிறந்த தோட்டம்?” என்று பிறகு சேவியரைக் கேட்டார்.

“அங்க பார்க்க ஒண்ணும் இல்ல, ஆச்சி. கித்தாவெல்லாம் போயி இப்ப செம்பனைதான். வீடுங்க இருந்த இடத்துல தாமான் கட்டிட்டாங்க.” ரப்பருக்கு இங்கே கித்தா என்று பெயர், எண்ணெய்ப்பனைக்குச் செம்பனை. தாமான் என்றால் குடியிருப்பு. சேவியர் தன் தோட்டத்தைப் பற்றி எப்போது கேட்டாலும் இந்த இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வார். மகளுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

“உங்க அப்பா அம்மா?”

“அவங்க இருக்காங்க. கல்லறை அங்கதான்.”

“அப்பப் போலாம்” என்றார் ஆச்சி எழுந்து.

அதே சீனப் பெரியவர் எங்களை ஏற்றிக்கொண்டார். செம்பனைகளுக்கு நடுவே வரிசையாக ஓட்டு வீடுகள், மோட்டார் சைக்கிள்கள், உலரும் பள்ளிச் சீருடைகள். அதைத் தாண்டி ஒரு சரிவில் சின்னக் கல்லறைத் தோட்டம். புல் வெட்டியிருந்தார்கள். ஒரே கல்லின் கீழ் சேவியரின் அப்பாவும் அம்மாவும். பெயர்களைத் தமிழில் எழுதியிருந்தார்கள்.

ஆச்சிக்கு அங்கே என்ன முறை என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றினார். சேவியர், “வெயில் சுடும் ஆச்சி, போட்டுக்குங்க” என்றார். அவர் கேட்கவில்லை. சிலுவை போடவும் தெரியாது, விழுந்து கும்பிடுவது சரியா என்றும் தெரியாது. கையில் பூகூட இல்லை. கொஞ்ச நேரம் பெயர்களைப் படித்துக்கொண்டு நின்றார். ஒரு பரீட்சைத் தாளைத் திருத்துகிற ஆசிரியை போல அந்தப் பெயர்களை எழுத்து எழுத்தாகப் பார்த்தார். பிறகு கல்லின் மேல் கிடந்த சருகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் புடவைத் தலைப்பில் சேர்த்துக்கொண்டார்.

என் மாமியார் உயிரோடு இருந்தவரை, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பலகாரம் சுடும்போது என்னிடம் கேட்பார்: “உன் வீட்டாளுங்க இந்த வருசமாவது வருவாங்களா, தாயி?” நான் வேலை, விசா என்று ஏதாவது சொல்வேன். அவர் நம்பியது போலத் தலையாட்டுவார். ஆனாலும் ஒரு டின் பலகாரத்தைத் தனியாக எடுத்து வைப்பார். பொங்கல் வரை அதை யாரையும் தொடவிட மாட்டார். ஆச்சிக்கு இதை நான் ஒருபோதும் சொன்னதில்லை.

ஆச்சி நிமிர்ந்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

“சம்பந்தி” என்றார். வகுப்பறைக் குரல் இல்லை. பக்கத்தில் நின்ற எனக்கே மெல்லத்தான் கேட்டது. “பொண்ணு வீட்டுலேருந்து வந்திருக்கேன். ரொம்பத் தாமதமாயிருச்சு. மனசுல வச்சுக்காதீங்க.”

சேவியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அஞ்சலி போய் அவர் தோளோடு தோள் ஒட்டி நின்றாள். மண் சாலையில் காரின் மேல் சாய்ந்திருந்த சீனப் பெரியவர், ஏன் என்று தெரியாமலே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மாலை ரயிலில் இடம் பிடிக்கும்போது ஆச்சி என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு சேவியர் பக்கத்தில் அமர்ந்தார்.

“உங்கம்மா எப்படிப் பேசுவாங்க? எப்படி இருப்பாங்க? சொல்லுங்க, மாப்பிள்ளை.”

சேவியர் கொஞ்சம் யோசித்தார். அம்மா விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போகும்போது பாம்பு ஒதுங்கட்டும் என்று உரக்க ஜெபம் சொல்லிக்கொண்டே நடப்பார் என்றார். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சேவல் எழுந்துவிடும் என்றார். ஆச்சி சிரித்தார். பிறகு மழை நாளில் வேலை இல்லாதபோது அம்மா சுடும் மரவள்ளி அடை, அப்பாவின் சைக்கிள், தோட்டத்துப் பள்ளிக்கூடம், அம்மா கடைசியாகப் படுத்த வாரம் என்று ஒவ்வொன்றாக வந்தது. அஞ்சலி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் நானும் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

ரயில் ஈப்போவில் நின்று எல்லோரும் இறங்கத் தொடங்கினார்கள். சேவியர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.